ஓட்டை மணியும் பொட்டுக்காரியும்

கேளுங்கள் மக்களே, ஆற்றுக்குப் பாலம் கட்டலாம் என்று எந்த ராஜாவுக்கும் தோன்றாத காலத்தில் நடந்தது இது. ஓர் ஆறு, ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டு, திட்டு நிறையப் புல், புல் நிறையச் செம்மறி. அத்தனை செம்மறிக்கும் சொந்தக்காரன் வீரணன். அவன் பெண்டாட்டி பொம்மக்கா.

கோடை முழுக்க ஆடுகள் திட்டில் மேயும். மேற்கு மலையில் மேகம் கறுத்துவிட்டால், வெள்ளம் வருவதற்குள் கரையேற்றிவிட வேண்டும். அதற்கு வீரணனின் கம்பில் கட்டிய மணி ஒன்றே போதும். அதை ஆட்டிக்கொண்டு அவன் தண்ணீரில் இறங்கினால் மந்தை மொத்தமும் பின்னாலேயே இறங்கும். மணிச் சத்தம் கேட்காவிட்டால், அடித்தாலும் மிரட்டினாலும் கெஞ்சினாலும் ஓர் ஆடுகூடக் குளம்பை நனைக்காது.

அந்த மணிதான் ஆற்றோடு போய்விட்டது. கயிறு இற்றுப்போயிருக்கிறது என்று பொம்மக்கா சொன்னபோதெல்லாம் ‘நாளைக்கு மாத்தலாம்’ என்று சொன்ன மகராசன் நம் வீரணன். இப்போது மேற்கே மேகம் கறுத்து நிற்கிறது.

“சந்தைக்கு ஓடுங்க. அதே சத்தத்துல ஒரு மணி வாங்கிட்டு வாங்க. வெள்ளம் வந்துச்சுன்னா ஒரு குட்டிகூட மிஞ்சாது” என்று அவனை விரட்டினாள் பொம்மக்கா.

மணிக்கு ஈடாக ஏதாவது கொடுக்க வேண்டுமே! நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த மறியாடு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தான். அதன் பெயர் பொட்டுக்காரி.

சந்தையா அது! எள் போட்டால் எள் விழாத கூட்டம். முதல் கடை பழைய உலோகச் சாமான் கடை. குவியலில் இருந்து நசுங்கிய மணி ஒன்றை எடுத்து ஆட்டிக் காட்டினார் கடைக்காரர். ‘கொரக், கொரக்’ என்றது அது. உடனே பொட்டுக்காரி ‘ம்மே’ என்று குவியலின் மேல் பாய்ந்தது.

வீரணன் அதன் காதைத் திருகி இழுத்தான். “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? எங்க மணி தேன் மாதிரிப் பேசும். இது சளி பிடிச்ச தவளை மாதிரியில்ல கத்துது!”

வெற்றிலைத் தெருவில் மணி கேட்டான். உப்புத் தெருவுக்குப் போகச் சொன்னார்கள். உப்புத் தெருவில் கேட்டான். கயிற்றுத் தெருவுக்குப் போகச் சொன்னார்கள். கயிற்றுத் தெருவில் கேட்டான். “வெத்தலைத் தெருவுல கேட்டியாப்பா?” என்றார்கள். அவனுக்கு வந்த கோபத்தில் உச்சந்தலையில் நெல் பொரித்திருக்கலாம்.

கடைசியில் வெண்கலக் கடை ஒன்று அகப்பட்டது. மணியைக் காதோரம் வைத்தான். “கத்திரிக்கா, பிஞ்சுக் கத்திரிக்கா!” என்று ஒருத்தி அலறினாள். மறுபடி வைத்தான். “வழி விடு, வழி விடு!” என்று வண்டிக்காரன் கத்தினான். மறுபடி வைத்தான். பொட்டுக்காரி பக்கத்துக் கடைக் கீரையைத் தின்றதற்காகக் கீரைக்காரி அவனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினாள்.

“கொஞ்சம் சும்மா இருங்களேன்!” என்று வீரணன் கத்தினான். ஊரே கத்துகிற இடத்தில் அவன் சத்தமும் ஒரு சத்தமாகப் போயிற்று.

பிறகு காளைக்கு அலங்காரச் சாமான் விற்கும் கடை. ஒன்று கணீர் என்றது, ஒன்று கிண்கிணி என்றது. இதுவா, அதுவா என்று அவனுக்கே குழம்பிவிட்டது. ஆட்டுக் கயிற்றை விட்டுவிட்டு இரண்டையும் இரண்டு கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தான். பிறகு திரும்பினால் கயிறும் இல்லை, பொட்டுக்காரியும் இல்லை!

மணியைத் தேட வந்தவன் இப்போது ஆட்டையும் தேட வேண்டும். “ஆடா? கசாப்புக் கடைப் பக்கம் பாரு” என்று ஒருவன் சிரித்தான். வீரணன் தலையில் ஒரு மழைத்துளி வேறு விழுந்தது. மந்தையும் போகப்போகிறது, இதுவும் போய்விட்டது என்று அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

அப்போது எங்கிருந்தோ ‘கொரக், கொரக்’ என்று கேட்டது. ஓடினான். பழைய சாமான் கடைக்காரர் ஆள் கூப்பிடுவதற்காக அந்த நசுங்கல் மணியை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரே, தலையைத் தூக்கிக் காதை விடைத்து நின்றிருந்தது பொட்டுக்காரி.

வீரணன் குவியலில் இருந்து நல்ல மணி ஒன்றை எடுத்து ஆட்டினான். ஆடு அசைபோட்டது. இன்னொன்றை ஆட்டினான். அப்போதும் அசைபோட்டது. நசுங்கல் மணியை வாங்கி ஆட்டினான். நேரே வந்து அவன் முழங்காலில் தலையை முட்டியது.

ஆட்டைத் தோளில் வைத்துக்கொண்டு காட்டில் தேடினானாம் என்று சொல்வார்களே, அவனைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்!

“மறியைக் கொடு, மணியை எடு” என்றார் கடைக்காரர்.

வீரணன் பொட்டுக்காரியைப் பார்த்தான். அது இன்னும் மணியையே பார்த்துக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த கம்பளியை உருவி அவரிடம் நீட்டினான்.

“மழை வருதேப்பா. கம்பளியக் குடுத்துட்டு என்ன செய்வே?”

“நனைவேன்” என்றான் வீரணன்.

பொட்டுக்காரியைக் கரையில் விட்டுவிட்டு, நனைந்துகொண்டேதான் ஆற்றில் இறங்கினான். தண்ணீர் தொடை வரை ஏறியிருந்தது. நடு ஆற்றில் நின்று மணியை ஆட்டினான். திட்டில் பொம்மக்காவைச் சுற்றி மிரண்டு நின்ற ஆடுகள் எல்லாம் ஒன்றாகத் தலை தூக்கின. முதல் ஆடு இறங்கியது, பின்னாலேயே மந்தை மொத்தமும் இறங்கியது. கடைசிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு பொம்மக்கா கரையேறியபோது, திட்டின் மேல் செம்மண் வெள்ளம் புரண்டது.

பொம்மக்கா மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள். “ஏங்க, ஆத்தோட போன நம்ம மணியே கெடச்சிருச்சா?”

வீரணன் குனிந்து, காலையில் தான் திருகிய பொட்டுக்காரியின் காதை மெல்லத் தடவிக் கொடுத்தான்.

ஆகவே மக்களே, ஒரு பொருள் யாருக்காகவோ அவரிடம் கேட்காமல் சந்தையைச் சுற்றுகிறவனுக்குக் கால் தேயுமே தவிரப் பொருள் கிடைக்காது.