டம்ளரின் வாய்

இந்தக் கதையைப் பல வருஷங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. தூக்கிப் போடவும் முடிந்ததில்லை.

சொன்னவர், நான் அவ்வப்போது போய்ப் படம் கற்றுக்கொண்ட செண்பகவல்லி டீச்சர். கதையில் வருகிற டீச்சரும் அவர்தான்.

ஏலகிரியில் தனியாக இருந்தார். தேடி வருகிறவர்களுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுப்பார். வந்தவர்கள் அங்கேயே தங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. டம்ளர் ஒன்றை ஒழுங்காக வரைந்துவிட்டால் ஊருக்குக் கிளம்பிவிட வேண்டும்.

தணிகாசலம் டீச்சரைவிட வயதில் மூத்தவர். மனைவி இறந்த பிறகு வந்தவர். முழங்கால் வலியால் நிற்க முடியாது. முக்காலியில் உட்கார்ந்துதான் வரைவார். டீச்சர் பின்னால் நின்றபடி பார்ப்பார்.

“கோடு நடுங்குது டீச்சர்.”

“நடுங்கல. நீங்க தடவித் தடவிப் போறீங்க, இருட்டுல ஸ்விட்ச் தேடற மாதிரி.”

“தப்பாயிடுமோன்னு…”

“ஆகட்டும். தப்பையும் ஒரே இழுப்பா இழுங்க.”

டீச்சர் ரப்பரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“மணிக்கட்டை விடுங்க. தோள்லேருந்து வரணும். முதல்ல காத்துல சுத்துங்க. கை பழகினப்புறம் பேப்பர்ல இறக்குங்க.”

அவர் காற்றில் சுற்றினார்.

“மாவாட்டற மாதிரி இருக்கு.”

“நல்லா ஆட்டுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்.”

“வீட்டுல சாப்பிட யாரு இருக்கா?”

டீச்சர் புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தார்.

கோடு தேறியது. டம்ளரின் வாய்தான் தேறவில்லை. முழு வட்டமாகப் போட்டுவைத்தார்.

“வாய் வட்டம்தானே டீச்சர்?”

“அது உங்களுக்குத் தெரியும். உங்க கண்ணுக்குத் தெரியுதா?”

டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்து ஒரு நிமிஷம் எழுப்பி நிறுத்தினார். டம்ளரின் வாய் அகலமானது. உட்காரவைத்தார். ஒடுங்கியது.

“பார்த்தீங்களா? இதை வெச்சே வரைஞ்சவரோட கண்ணு எங்க இருந்ததுன்னு சொல்லிடலாம்.”

அடுத்து ஒடுக்கமாகத்தான் போட்டார். இரண்டு பக்கமும் கூராக வந்தது.

“இதென்ன, கெண்டை மீனா?”

“மூலையில திரும்ப வேண்டாமா?”

“டம்ளர் வாயில மூலை ஏதுங்க ஐயா?”

கூர் போயிற்று. இனி கோடு சுற்றிவந்து சேர வேண்டியதுதான். சேரவில்லை. சேருமிடத்துக்கு முன்னால், ஒரு அரிசி அளவு இடைவெளி விட்டு நின்றது. தினமும் அப்படியே நின்றது.

“ஏன் அங்க வந்து நிக்குது?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி.

“சேர்ந்துட்டா கிளம்பணுமே டீச்சர்.”

டம்ளரில் டீ ஆறி ஆடை படர்ந்திருந்தது. டீச்சர் அதை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டு, வெறும் டம்ளரை அவர் முன் வைத்தார்.

“சேர்ற இடத்துல நிறுத்தாதீங்க. தாண்டி இன்னொரு சுத்துப் போங்க.”

தணிகாசலம் காற்றில் சுற்றினார். பிறகு தாளில் இறக்கினார். கோடு சேர்ந்தது, தாண்டியது, மறுபடியும் வந்து சேர்ந்தது.

பென்சிலை வைத்தார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சர் சொன்ன கதை இவ்வளவுதான்.

எனக்கு இடித்தது அந்த முடிவு. அவ்வளவு பயந்தவர் அவ்வளவு சுலபமாக எழுந்து போவாரா? நானாக இருந்தால் போயிருப்பேனா? என் வீட்டிலும் கழுவிக் கவிழ்க்க ஒரு டம்ளர்தான்.

போன மாதம் மலைக்குப் போனேன். டீச்சர் அந்தத் தாளைச் சுவரில் மாட்டியிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தேன்.

நடுக்கமே இல்லை. சேருமிடத்தைத் தாண்டி இரண்டாவது சுற்றும் போயிருந்தது.

ஆனால் டம்ளரின் வாய் அகலமாக இருந்தது.

டீச்சர் வழக்கம்போல் என் பின்னால் நின்றிருந்தார். நான் திரும்பாமலே கேட்டேன்.

“டீச்சர், இதை வரையும்போது நின்னுட்டிருந்தது யாரு?”