ஓனர் வீட்டு பீரோ

எங்கள் அபார்ட்மெண்டில் சடகோபன் சார் வைத்ததுதான் சட்டம். கீழ்த்தளத்து ஒற்றைப் படுக்கையறை வீடும் அவருடையது. அதில் ப்ளவுஸ் தைக்கும் பவளம், கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாடகைக்கு இருந்தாள். ஊரிலிருந்து மாமியாரும் வந்து சேர்ந்தார். உடனே சார், அசோசியேஷன் ஆட்களைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"அஞ்சு பேருக்கும் படுக்க இடம் காட்டு, இருந்துக்கோ. இல்லேன்னா காலி பண்ணு."

பவளம் அசரவில்லை. தையல் மேஜையை மடக்கி, அங்கே கணவனுக்குப் பாய் விரித்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு கட்டிலை இழுத்தாள், பிள்ளைகளுக்கு ஆச்சு. ஜன்னலோரத் துணிப்பெட்டிகள் மேல் மெத்தை போட்டாள், அது அவளுக்கு.

"அஞ்சாவது?" என்று சிரித்தார் சார்.

"அத்தை இடத்துல ஏற்கெனவே ஒருத்தர் நிக்கிறார் சார். நாங்க வந்த நாள்லேர்ந்து."

அவள் காட்டிய மூலையில் சாருடைய பழைய இரும்பு பீரோ நின்றது. சாவிகூட அவரிடம்தான்.

"அதை எங்க கொண்டு போறது? மேல எங்க வீட்டுல இடமே இல்ல!"

"மூணு பெட்ரூம், இருக்கிறது ரெண்டே பேர். ஒரு பீரோவுக்கு இடமில்லையா? கவலைப்படாதீங்க சார், நான் வந்து இடம் பண்ணித் தரேன்."

சாட்சிக்கு வந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

அன்று மாலையே பீரோ மாடியேறியது. அந்த மூலையில் அத்தையின் மடக்குக் கட்டில் அளந்து தைத்த மாதிரி உட்கார்ந்தது. பீரோவுக்குப் பின்னால், கழுத்தில் இஞ்ச் டேப்போடு, பவளமும் ஏறிக்கொண்டிருந்தாள்.