அடங்காத கம்பி

கணிதத் துறை அறையில் செண்பகவல்லி விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நூற்றுக்கும் மேல் மிச்சம் இருந்தன. அருணகிரி வந்து தம் ஆய்வேட்டை மேசைமேல் வைத்தார். அவர் மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர், வயது ஐம்பத்தொன்று. அவருடைய ஆய்வு நெறியாளரான செண்பகவல்லிக்கு முப்பத்தாறு.

"கையெழுத்து வேண்டும், மேடம். இன்று ஐந்து மணியோடு என் பதிவுக்காலம் முடிகிறது."

"தெரியும், சார். உட்காருங்கள்."

"உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். ஆறு வருடம் பேருந்தில் வந்திருக்கிறேன். முனைவர் பட்டத்தைப் பேருந்துக்கே கொடுத்துவிடலாம்."

ஆனாலும் உட்கார்ந்தார்.

செண்பகவல்லி கடைசி இயலைத் திறந்தார். அதிரும் இரும்புக் கம்பி ஒன்று இரண்டே நொடிகளில் அசைவற்று நின்றுவிடுகிறது என்பது அருணகிரியின் முடிவு. கணித மென்பொருள் வரைந்த கோடு முதலில் ஏறி இறங்கிற்று. பிறகு சுழியத்திலேயே படுத்துக் கிடந்தது.

"இவ்வளவு சீக்கிரம் ஏன் அடங்குகிறது?"

"மென்பொருள் அப்படித்தான் காட்டுகிறது, மேடம். மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன்."

"எத்தனை இடங்களில் பார்க்கச் சொன்னீர்கள்?"

"நொடிக்கு நூறு."

"இடையில்?"

"இடையில் அதுவே கோடு போட்டு இணைத்துவிடும்."

செண்பகவல்லி கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"சனிக்கிழமைதோறும் ஒரு மணிக்கு வருகிறீர்கள். நான் என்ன செய்துகொண்டிருப்பேன்?"

"சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்."

"இணையுங்கள்."

அருணகிரி சிரித்தார். "ஆறு வருடமாக மேடம் சாப்பாட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை."

பிறகு சிரிப்பு நின்றது. ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். மூன்றாவது நொடியில் அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்குச் சரி நடுவே ஒரு நேரத்தை எடுத்துச் சமன்பாட்டில் பொருத்தினார். இந்த ஆய்வுக்காகக் கையால் கணக்கிட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நான்காவது வரியில் விடை வந்தது. சுழியம் அன்று, ஒன்று.

கம்பி நிற்கவே இல்லை. தொடக்கத் தடுமாற்றம் அடங்கிச் சீராக அதிரத் தொடங்கியபின், மென்பொருள் பார்த்த ஒவ்வொரு கணத்திலும் அது நடுநிலையைக் கடந்துகொண்டிருந்தது.



"தேர்வாளர்களும் இதே மென்பொருளில்தான் போட்டுப் பார்ப்பார்கள், மேடம்."

"ஆமாம்."

"அவர்களுக்கும் நேர்கோடுதான் வரும்."

"வரும்."

"அப்படியென்றால் நீங்கள் கையெழுத்துப் போடலாம்."

"போடலாம். வழக்கப்படி மாணவரின் உறுதிமொழிக்குக் கீழேதான் நெறியாளர் சான்று." செண்பகவல்லி பேனாவை நீட்டினார். "முதலில் நீங்கள்."

அருணகிரி உறுதிமொழிப் பக்கத்தை எடுத்தார். 'இதிலுள்ள முடிவுகள் யாவும் என்னால் சரிபார்க்கப்பட்டவை.' தாமே தட்டச்சு செய்த வரி. அதை இரண்டு முறை படித்தார். மணி நான்கு நாற்பது. பேனாவை மூடி வைத்தார்.

"மறுபடி பதிவு செய்தால், முடிக்கும்போது அறுபதை நெருங்கிவிடுவேன். களைத்துப்போய்விட்டேன், மேடம். இந்த ஆறு வருடத்தில் எனக்கு மிச்சம்தான் என்ன?"

செண்பகவல்லி அந்த நான்கு வரித் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு அதை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு புள்ளி. அடுத்ததைப் போடுங்கள், சார்."