கஞ்சாச் செடியும் இரண்டு நல்லவர்களும்

மூங்கிலாற்றுக் காட்டில் செவந்தி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. யார் எதைச் சொன்னாலும் அது லேசில் நம்பாது.

அந்தக் காட்டின் ஆற்றோரத்தில் கஞ்சாச் செடிகள் வளர்ந்தன. முன்பெல்லாம் வலிக்கு மருந்தாக அந்த இலையை மெல்லுவார்கள். பிறகு ஒரு கோடையில் மான்கள் விளையாட்டாக மென்றுவிட்டுக் கிறங்கிக் கிடந்தன. காட்டுத்தீ வந்தது கூடத் தெரியாமல் பல மான்கள் கருகிப்போயின. அன்றிலிருந்து செடிக்குத் தடை. மென்றவர்களை எல்லைப் பாறைக்கு அப்பால் துரத்திவிடுவார்கள்.

பல்வலி தாங்காமல் ஒரே ஒரு இலை மென்ற செவந்தியின் அண்ணனையும் போன வருஷம் துரத்தினார்கள். அதற்குப் பிறகு தகவலே இல்லை.

ஒருநாள் தலைவி யானை கூட்டம் கூட்டியது.

“முட்டி வலியில் கரடி துடிக்கிறது. தடையை நீக்கலாமா?”

நரி முந்திக்கொண்டது. “உடனே நீக்குங்கள்! நம் முன்னோர்களின் மூலிகை! யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் மெல்லட்டும்!”

“கூடவே கூடாது!” என்று கழுதைப்புலி கத்தியது. “குட்டிகள் கெட்டுப்போகும்! மென்றவர்களை ஒருவர் விடாமல் துரத்துங்கள்!”

செவந்திக்கு மனம் உறுத்தியது. நரிக்குக் கரடி மேல் என்றைக்கு இவ்வளவு பாசம்? குட்டிகளைப் பற்றிக் கழுதைப்புலிக்கு என்ன கவலை?

“தாயே, ஒரு நாள் பொறுங்கள்!” என்று யானையிடம் கேட்டுக்கொண்டது.

மறுநாள் காலையில் செவந்தி நரியைப் பின்தொடர்ந்தது. ஆற்றோரப் புதரில் நரி இரண்டு முயல்குட்டிகளுக்கு இலை ஊட்டிக்கொண்டிருந்தது.

“நல்லா மெல்லுங்க, கண்ணுகளா!”

முயல்கள் எழுந்தன. கால்கள் பின்னின. நரி வாயைத் திறந்தது. செவந்தி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்ததும் நரி ஓட்டம் பிடித்தது.

அடுத்து, துரத்தப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கச் செவந்தி எல்லைப் பாறையைத் தாண்டிப் போனது. அங்கே கழுதைப்புலியின் குகை வாசலில் எலும்புகள் குவிந்திருந்தன. நடுவே கருப்பு வெள்ளை முட்கள். அண்ணனின் முட்கள்!

மாலையில் மறுபடியும் கூட்டம் கூடியது. நரி முயல்குட்டிகளுக்குச் செய்ததைச் செவந்தி எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தது. பிறகு கழுதைப்புலியின் பக்கம் திரும்பியது.

“உன் குகை வாசலில் எலும்பு கிடக்கிறதே, யாருடையது?”

“அந்த முள்ளம்பன்றி தானாகச் செத்தது!”

“முள்ளம்பன்றி என்று நான் சொல்லவே இல்லையே!”

செவந்தி யானையின் பக்கம் திரும்பியது.

“தாயே, நரி மயங்கியவர்களைத் தின்னப் பார்க்கிறது. கழுதைப்புலி துரத்தப்பட்டவர்களைத் தின்கிறது. நம் நன்மைக்காக இவர்கள் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை!”

யானை பிளிறியது. நரியும் கழுதைப்புலியும் ஆளுக்கொரு திசையில் ஓடின.

“வலி உள்ளவர்களுக்கு மட்டும், என் கண் முன்னால், அளவோடு இலை தரப்படும். குட்டிகளுக்குக் கிடையாது. மென்ற குற்றத்துக்காக இனி யாரையும் துரத்தவும் கூடாது!” என்றது யானை.

கரடி அன்று நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்தது. செவந்தியோ அதற்குத் தந்த இலையையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது.

ஒன்றை வேண்டும் என்பவரானாலும் வேண்டாம் என்பவரானாலும், அதில் அவருக்கு என்ன ஆதாயம் என்று பார்த்த பிறகே அவர் பேச்சுக்குத் தலையாட்ட வேண்டும்.