கிரில் லிங்கம் கட்டிய முயல் கூடு

பரமார்த்தலிங்கம் என்று கேட்டால் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கிரில் லிங்கம் என்றால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். முப்பத்தைந்து வருஷம் ஊருக்கெல்லாம் ஜன்னல் கம்பியும் கிரில் கேட்டும் அடித்துக் கொடுத்த மனுஷர். அவர் வைத்த வெல்டு விட்டுப்போச்சு என்று ஒருத்தர் வந்து நின்றது கிடையாது.

அறுபத்திரண்டு வயதில் அவர் மலையடிவாரத்து மடத்துக்கு வடிவம்மையைத் தேடிப் போனார். அம்மைக்கு அவரைவிட இருபது வயசு குறைச்சல். காவி இல்லை, ஜடாமுடி இல்லை. வெளுத்த நூல் சேலை, இடுப்பில் செருகிய முந்தானை, அவ்வளவுதான். இருக்கட்டுமே, ஞானம் நரையைப் பார்த்தா வருகிறது?

"அம்மை, வீடு நிறைய சாமான் கெடக்கு. பேச ஒரு ஆளு இல்ல," என்றார் லிங்கம்.

"ஒருத்தரும் இல்லையா?"

"பெஞ்சாதி போய்ச் சேந்துட்டா. ஒரே மக கோமதி, அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. பொறவு ஒருநாள் கைப்புள்ளையோட வாசல்ல வந்து நின்னா. நான் கேட்டைத் திறக்கல. உள்ள நின்னுக்கிட்டே நாலு வார்த்தை கேட்டேன். போயிட்டா. ஆறு வருஷம் ஆச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இந்தத் தனிமை எப்பம் அம்மை போவும்?"

அம்மை உள்ளே போய் ஒரு பிரம்புக் கூடையைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே இரண்டு முயல்கள், வெள்ளை ஒன்று, சாம்பல் ஒன்று. டவுனில் வளர்த்த யாரோ வீடு மாறிப் போகும்போது மடத்து வாசலில் விட்டுப் போயிருந்தார்கள்.

"இதுகளுக்கு ஒரு கூடு செஞ்சு குடுங்க, அண்ணாச்சி. பொறவு பேசுவோம்."

முயல் கூடு என்ன பெரிய கம்பசூத்திரமா! நாலு சட்டத்தை அடித்து, கடையில் விற்கிற கோழி வலையை இழுத்துக் கட்டினார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. 'இதுக்குப் போயி என்னைக் கூப்பிடணுமா' என்றுகூட நினைத்தார்.

மறுநாள் காலையில் வலை ஒரு மூலையில் கிழிந்து தொங்கியது. தெருநாய் வேலை. வெள்ளை முயல் மட்டும் கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. சாம்பல் முயலின் ரோமம் செம்பருத்தித் தூரில் ஒட்டியிருந்தது.

லிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "இரும்புலயே பொறந்து வளந்தவன் நான். கோழி வலையைப் போயி நம்பிட்டேனே!"

"கோழி வலை, கோழி வெளிய போவாம இருக்கதுக்குத்தான், அண்ணாச்சி," என்றாள் அம்மை. "நாய் உள்ள வராம இருக்கதுக்கு இல்ல."

மனுஷருக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டறைக்கு ஓடினார். ஆங்கிள் சட்டம், விரல் நுழையாத கனத்த கம்பி வலை, நாலு பக்கமும் வலை, தரையும் வலை. இடுப்பு உயரத்துக்குக் கால்கள். பக்கவாட்டில் கதவு வைத்தால் நாய் நெம்பும் என்று, டிரங்குப் பெட்டி மாதிரி மேலே மூடி வைத்தார். மூடிக்கு இரண்டு தாழ்ப்பாள், ஒரு திண்டுக்கல் பூட்டு.

"இனி எமனே வந்தாலும் எங்கிட்ட சாவி வாங்கிட்டுத்தான் உள்ள போவணும்," என்றார்.

அம்மை கூட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

எமன் வரவில்லை. கூடு வந்து இறங்கிய அன்றைக்குப் பகலிலேயே அந்த நாய்தான் வந்தது. கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து மோப்பம் பிடித்தது. ஒரு கம்பியைக்கூட அதனால் அசைக்க முடியவில்லை. ஆனால் உள்ளே இருந்த முயல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்து வலையில் மோதியது. லிங்கம் கல்லெடுத்து நாயை விரட்டிவிட்டு வந்து பார்த்தால், முயலின் மூக்கில் ரத்தம்.

அதற்குப் பிறகு அது அருகம்புல்லைத் தொடவில்லை. பொழுது சாயும்வரை ஒரே மூலையில் உட்கார்ந்திருந்தது.

"ஒரு நாள் முழுசும் தின்னலைன்னா முயல் தாங்காது, அண்ணாச்சி," என்றாள் அம்மை.

"அந்த நாயால ஒண்ணும் செய்ய முடியாதே! பின்ன எதுக்குப் பயந்து சாவுது?"

"செய்ய முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதுல்லா?"

கம்பித் தரையின்மேல் ஒரு பலகையைப் போட்டாள். அதன்மேல் வைக்கோல். வாய் உடைந்த பழைய மண்பானை ஒன்றை எடுத்து, கூர் விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்கி, உள்ளே படுக்கவைத்தாள். முயல் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு பானைக்குள் போய் மறைந்தது. விளக்கேற்றும் நேரத்துக்கு உள்ளேயிருந்து நறுக் நறுக்கென்று புல் கடிக்கும் சத்தம் கேட்டது.

"அப்பாடா!" என்றார் லிங்கம். அவர் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அவருக்கு முயல் கிடைக்கவில்லை, பானைதான் கிடைத்தது. ஐந்து நாள் ஆயிற்று. அவர் மூடியைத் திறந்து புல்லோடு கையை இறக்கினால் அது பானையின் அடியில் ஒட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கும். அவர் அந்தண்டை போன பிறகுதான் வெளியே வரும்.

"நாயைக் கண்ட மாதிரியில்லா என்னைக் கண்டு நடுங்குது! சோறு போடுத கை, அம்மை, இது. இதுக்கும் நான் ஆவாதவனாயிட்டேனா?"

"கூட்டுக்கு வாசல் எங்க வச்சிருக்கீங்க?"

"மேல. நாய்க்கு எட்டக்கூடாதுன்னு."

"முயலுக்கு மேல இருந்து வாரது என்னது, அண்ணாச்சி?"

லிங்கம் நிமிர்ந்து பார்த்தார். மலைக்கு மேலே ஒரு பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் கட்டிங் மிஷினைக் கொண்டுவந்தார். தான் வைத்த வெல்டைத் தானே அறுத்தது ஆயுசில் அதுதான் முதல் தடவை. கால்களை அறுத்துக் கூட்டைத் தரைக்கு இறக்கி, பக்கவாட்டில் முயலுக்கு ஒரு வாசல் வெட்டினார். அதைச் சுற்றிக் கம்பி வலையில் ஒரு பட்டி போட்டார். சுற்று வலையை முழங்கை ஆழத்துக்கு மண்ணில் புதைத்தார், நாய் தோண்டி உள்ளே வராது, முயலும் தோண்டி வெளியே போகாது. மேலே ஓலை வேய்ந்தார். பட்டிக்குப் பக்கவாட்டில், ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்குக் கதவு.

"இனி என்ன செய்யணும், அம்மை?"

"உள்ள போயி தரையில உக்காருங்க. கையை நீட்டாதீங்க. கூப்பிடாதீங்க."

"எம்புட்டு நேரம்?"

"அது பயந்த அளவுக்கு."

முதல் நாள் எறும்பு கடித்தது. இரண்டாம் நாள் முட்டி வலித்தது. மூன்றாம் நாள் பானை வாயில் ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது, தெரிந்த வேகத்தில் மறைந்தது. சும்மா உட்காருவது சும்மா காரியமா? கைக்கு வேலை இல்லாவிட்டால் மனசு கிடந்து உழலும். அவருக்குக் கோமதி ஞாபகம்தான் வந்தது. பேரன் பேர்கூட அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் இடுப்பில் இருந்தபடியே அந்தப் பிள்ளை கிரில் கம்பிக்கு ஊடே கையை உள்ளே நீட்டியது. பயமே இல்லாமல் நீட்டியது. அவர் அதைத் தொடவில்லை. தொட்டிருக்கலாம். பாவி மனுஷன், ஒரு விரலையாவது தொட்டிருக்கலாம்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் முயல் வெளியே வந்தது. நின்றது, திரும்பி ஓடியது, மறுபடி வந்தது. அவர் கால் பெருவிரலை மோந்து பார்த்தது. பிறகு அவர் பாதத்தை ஒட்டி, பின்னங்கால் இரண்டையும் நீட்டிப் படுத்துக்கொண்டது. லிங்கம் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். கண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை.

அம்மை புல்லுக்கட்டோடு வந்து கதவோரம் குந்தினாள்.

"வந்துட்டு, அம்மை," என்றார் அவர், மெதுவாக.

"ம்."

"நான் இப்பம் கோமதி வீட்டுக்குப் போனா, கதவைத் திறப்பாளா?"

அம்மை ஒவ்வொரு தாளாகப் புல்லை உதறிப் போட்டாள்.

"உடனே திறக்க மாட்டா."

லிங்கத்தின் முகம் தொங்கிப் போயிற்று. "பின்ன எதுக்குப் போவணும்?"

"உக்காரத்தான் இப்பம் படிச்சிட்டீங்கல்லா, அண்ணாச்சி."