பண்ணைக்காரரோட கருப்புத் துணி

ஒரு ஊர்ல ஒரு கோழிப்பண்ணை, கண்ணு. அதுல கொண்டைச்சின்னு ஒரு கோழி. எல்லாக் கோழிக்கும் கொண்டை உண்டு, இவளுக்குக் கண்ணை மறைக்கிற மாதிரி தொங்கும். கேக்கறியா?

"ம்."

கோழி மூளைக்குள்ள தூக்க மருந்து தானா ஊறும். மெலடோனின்னு பேரு. நமக்கும் ஊறும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊறும். ஆனா இருட்டுனாத்தான் ஊறும், வெளிச்சம் பட்டா நின்னுரும்.

வெளிச்சம் இருந்தா முட்டை கூடும்னு பண்ணையில லைட்டுப் போடுவாங்க. சாயங்காலம் கொஞ்ச நேரம் போட்டா சரி, எல்லாருந்தான் போடறாங்க. இந்தப் பண்ணைக்காரரு பேராசை புடிச்சு விடிய விடியப் போட்டாரு. அப்புறம் மருந்து எங்கிருந்து ஊறும்?

அப்போ கொண்டைச்சி கண்ணை இறுக்கி மூடிப் பார்த்தா. கோழிக்கு மண்டையோட்டு வழியாவே வெளிச்சம் உள்ள போயிரும், தூக்கம் வரல. அப்புறம் பக்கத்துக் கோழியோட நிழல்ல ஒண்டினா. அது படக்குப் படக்குன்னு றெக்கை அடிச்சுது, நிழலே நிக்கல. அப்புறம் பண்ணைக்காரரைப் பார்த்து, "கொக் கொக் கொக்கோ, லைட்டை அமத்துங்க"ன்னு கத்தினா. பசிக்குதாட்டம் இருக்குதுன்னு அவரு தீவனம் கொட்டிட்டுப் போயிட்டாரு.

தூங்காத கோழி, பாவம், ஓடே இல்லாத தோல் முட்டை போட்டுச்சு. "இது தேறாது, வெள்ளிக்கிழமை கறிக்கடை வண்டியில ஏத்திரலாம்"னாரு. எனக்கு வயிறு எரியுது கண்ணு. தூங்க விடாதது இவரு, சாக வேண்டியது அவளா?

"ம்..."

இன்னும் கேளு. பண்ணை வெளிச்சம் அவரு ஜன்னல்லயும் அடிச்சுது. அதுக்கு மட்டும் கருப்புத் துணி தெச்சு மாட்டிக்கிட்டு கொர்ரு கொர்ருன்னு தூங்கினாரு. வெளிச்சத்துல தூக்கம் வராதுன்னு தெரியாத ஆளா? நல்லாத் தெரியும்.

அப்போ அவரு சம்சாரம் அந்தத் துணியைக் கழட்டித் துவைச்சுப் போட்டா. அன்னைக்கு ராத்திரி அவரு மூஞ்சி மேல வெளிச்சம். புரண்டாரு. தலகாணியை மூஞ்சி மேல வெச்சாரு. "துணி எங்க?"ன்னாரு. "இன்னும் காயலீங்க"ன்னா. அப்புறம் தாங்க முடியாம எந்திரிச்சுப் போயி, பண்ணை லைட்டை டக்குனு அமத்தினாரு. தனக்காகத்தான், கோழிக்காக ஒண்ணும் இல்ல.

அந்த இருட்டுல மருந்து சொட்டுச் சொட்டா ஊறுச்சு. கொண்டைச்சி தலை தொங்கிருச்சு. அடுத்தடுத்த ராத்திரியும் துணி வரல, அவரும் லைட்டை அமத்தினாரு, தெனமும் அப்படியே தூங்கினா. வெள்ளிக்கிழமை வண்டி வந்தப்போ கெட்டியா ஒரு முட்டை போட்டிருந்தா. வண்டி அவளை விட்டுட்டுப் போயிருச்சு.

"அத்தை... துணி காஞ்சுதா?"

அது காஞ்சு நாளாச்சு. நம்ம பீரோவுல, உன் பாவாடைக்கு அடியில மடிச்சு வெச்சிருக்கேன். உன் மாமன் கேட்டா காயலைன்னு சொல்லு, என்ன?

"ம்..."

கொண்டைச்சி தூங்கிட்டா, கதையும் தூங்கிருச்சு. லைட்டை அமத்தறேன், தூங்கு.