பரிசல்காரி சொன்ன சாட்சி

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்ற வாக்கை முதலில் சொன்னது தன் கொள்ளுத்தாத்தாதான் என்று பரிசல் துறையில் கல்வெட்டு வைக்க ஜமீன்தார் வீரபூபதி கிளம்பினார். ஊர் நம்பவில்லை. ஊரையும் சிற்பியையும் துறையில் கூட்டி, தலைமுறை தலைமுறையாகப் பரிசல் ஓட்டும் குடும்பத்துப் பொன்னுருவியை அழைத்தார்.

"நீ சாட்சி சொல்லு. இல்லாவிட்டால் நாளை முதல் உன் பரிசல் இங்கே ஓடாது."

பொன்னுருவி கும்பிட்டாள். "சத்தியமா அவர் சொன்னதுதானுங்க, எசமான்."

ஜமீன்தார் மீசையை முறுக்கினார். "எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லு! எப்போது சொன்னார்?"

"ஆத்துச் சுழியில மாட்டினவரை எங்க பூட்டன் குடுமியப் பிடிச்சுத் தூக்கிப் பரிசல்ல போட்டாருங்க. அப்போ தண்ணியக் கக்கிக்கிட்டே சொன்னாராம். அதையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்க."

துறையே சிரித்தது. உளி எடுத்த சிற்பியை ஜமீன்தாரே அவசரமாகத் தடுத்தார். பொன்னுருவி அன்றைக்கும் பரிசல் ஓட்டினாள், மறுநாளும் ஓட்டினாள்.